நான்கு மணிக்கு மூடும் கோப்பு

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் பென்ஷன் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியம் கெட்டுவிடக் கூடாதே என்று அந்தக் கையை இன்னும் எடுக்கவில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் இடது கையால் எழுதியது. எழுத்து கோணலாக இருந்ததை அச்சகத்தார் பொறுத்துக்கொண்டார்கள்.

துப்பறிவாளர் நான் இல்லை. என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியம்மாதான் துப்பறிவாளர். நான் அவருக்கு உதவியாளர். பையனைப் பெற்றவன் பெண்ணைப் பெற்றவளிடம் கைகட்டி வேலை பார்ப்பதா என்று சொந்தத்தில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சம்பந்தியம்மா என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "நீங்க பெரியவங்க, கோவிச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். அந்த மரியாதை வேறு எந்த முதலாளியிடம் கிடைக்கும்?

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். டாக்டர்களின் கையெழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். இதுவரை பதினேழு வழக்குகளை எடுத்து, அவற்றில் பதினெட்டைத் தீர்த்திருக்கிறார்.

எங்கள் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறை. கடையில் மெஷின் ஓடும்போதெல்லாம் எங்கள் விளக்கு ஒரு தடவை கண்ணடிக்கும். அன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அந்தப் பெண் உள்ளே வந்தார். முதியோர் இல்லத்து உதவியாளர்கள் போடும் நீலச் சீருடை. கையில் நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"நான் டாக்டர். இங்க இல்ல, படிச்ச ஊர்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவர் சொன்னபடியே எழுதினால் நீங்களும் உட்கார மாட்டீர்கள். கடல் தாண்டிப் படித்து, அங்கே எட்டு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். கணவரும் மகளுமாக இங்கே வந்தபின், இங்கேயும் டாக்டராக வேண்டுமென்றால் மருத்துவக் கவுன்சிலின் பதிவு வேண்டும். பதிவுக்கு முதலில் மொழித் தேர்வு. அதில் அரை மதிப்பெண் குறைந்து ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதித் தேறினார். அடுத்து எழுத்துத் தேர்வு. அதற்கடுத்து செய்முறைத் தேர்வு: பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர், அறைக்கு எட்டு நிமிடம். தேறினார். படித்த கல்லூரி, பட்டம் உண்மைதான் என்று கவுன்சிலுக்கு நேரடியாக எழுத வேண்டும், எழுதியது. முன்பு வேலை பார்த்த நாட்டில் இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்ற நன்னடத்தைச் சான்று வேண்டும். அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள். ஒரு காகிதத்தைப் பிடிப்பதற்குள் இன்னொன்று செத்துப்போகும். நாலு வருடமாக இப்படி ஓடி, கையிலிருந்த எல்லாக் காகிதங்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் ஒரு வாரத்தை எப்படியோ பிடித்துவிட்டார். ஓர் ஆஸ்பத்திரி, ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை செய்யலாம் என்று கடிதமும் கொடுத்துவிட்டது.

அந்த வாரத்தின் கடைசி நாள்தான் அன்று. மாலை நாலு மணியோடு அவருடைய தேர்வு முடிவுகளுக்கு இரண்டு வருட ஆயுள் முடிகிறது. அதற்குள் பதிவு ஆகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மறுபடி மொழித் தேர்விலிருந்து.

"அப்ப என்ன பாக்கி?" என்று கேட்டேன்.

பயிற்சி டாக்டராக இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஓர் உறுதிக் கடிதம் பாக்கி. அது வரவில்லை. அதற்குப் பதில் மூன்று நாளைக்கு முன் வேறொன்று வந்திருக்கிறது. அதன் நகலைக் கவுன்சில் இவருக்குக் கொடுத்திருந்தது. மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரி பேர் போட்ட தலைப்பு, இரண்டே வரி: அவர் சொல்லும் வருடத்தில் இந்தப் பேரில் எங்களிடம் யாரும் பயிற்சி டாக்டராக இருந்ததில்லை.

கவுன்சில் அதை மோசடிப் புகாராகப் பதிந்துகொண்டது. இன்றைக்குள் அது பொய்யென்று நிரூபித்தால் புகாரை நீக்குவதாகக் கவுன்சிலின் பதிவாளர் சொல்லியிருந்தார். டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு விடிந்ததிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

நான் உடனே துப்பறிய ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். மகளைப் பார்த்துக்கொள்கிறார், சமைக்கிறார், துணி மடிக்கிறார் என்றார்.

"சந்தேகமாத்தான் இருக்கு" என்றேன்.

சம்பந்தியம்மா என்னைக் காதில் வாங்கவில்லை. நகலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் மூக்கு காகிதத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் இடமிருந்து வலமாகப் போய்த் திரும்பியது. மெஷின் ஓடியது, விளக்கு கண்ணடித்தது.

"இதை எழுதினது ஆபீஸ் கிளார்க் இல்ல. டாக்டர்" என்றார்.

இரண்டாவது வரியில் வருடம் தப்பாக விழுந்திருந்தது. அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, மேலே சரியான வருடம், பக்கத்தில் சின்னக் கிறுக்கலாகச் சுருக்கொப்பம். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் மணி, 14.20. அலுவலகக் கிளார்க் தப்பு விட்டால் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதுவான் என்றார் சம்பந்தியம்மா. வார்டில் மட்டும்தான் நோயாளியின் குறிப்பை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, ஒப்பமிட்டு, மணி எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படி எழுதாத டாக்டர்களைத் துரத்தித் துரத்தி எழுத வைத்தவர் அவர்.

"பொய்க் கடிதாசி எழுத உக்காந்தாலும் கை பழக்கத்தை விடல பாருங்க" என்றார்.

டாக்டரம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, தானும் மளிகைச் சீட்டில்கூட அப்படித்தான் அடிப்பேன் என்று மெதுவாகச் சொன்னார்.

சம்பந்தியம்மாவின் விரல் இடது ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கறுப்பு வட்டங்கள். கோப்பில் கட்டுவதற்குப் போட்ட ஓட்டைகள் நகலில் அப்படி விழுந்திருந்தன. கடிதம் இரண்டே வரி என்பதால் கையெழுத்து பக்கத்தின் நடுவிலேயே, இடது ஓரத்தில், கீழ் ஓட்டையிடம் வந்துவிட்டது. ஓட்டைக்கு அருகில் பேனா ஒரு சின்ன வளைவு போட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

எனக்கு விளங்கவில்லை. விளங்காதபோது நான் தலையாட்டுவது வழக்கம்.

"சம்பந்தி, நீங்க பெரியவங்க, கோவிச்சுக்கக் கூடாது. கொஞ்சம் மூளையைப் போடுங்க. கடல் தாண்டி வந்த கடிதாசிக்கு இவங்க ஆபீசுக்கு வந்தப்புறம்தானே ஓட்டை போடுவாங்க? அப்ப ஓட்டை எழுத்தைத் தின்னிருக்கணும். இங்க எழுத்து ஓட்டைக்கு வழி விட்டிருக்கு."

ஓட்டை முதலில், எழுத்து பிறகு. அப்படியானால் கடிதம் கவுன்சில் அலுவலகத்துக்குள்ளேயே, அவர்கள் முன்கூட்டி ஓட்டை போட்டு வைத்திருக்கும் காகிதத்தில், ஆஸ்பத்திரித் தலைப்பை மட்டும் அச்சடித்து எழுதப்பட்டது. மணி ஒன்று இருபது. நாங்கள் பஸ் பிடித்தோம்.

பஸ்ஸில் நான் ஒரு காரியம் செய்தேன். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், கோப்பின்மேல் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, பதிவாளரையே பிடித்து, கடிதம் போலி, மூன்றரைக்குள் ஆதாரத்தோடும் ஆளோடும் வருகிறோம் என்று அறிவித்தேன். குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். மறுமுனையில் அவர், "வாங்க, பாத்துடுவோம்" என்று மட்டும் சொன்னார். அவரை விண்ணப்பதாரர்கள் 'பூட்டு' என்று அழைப்பார்கள் என்பதை டாக்டரம்மா பிறகுதான் சொன்னார்.

கவுன்சில் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் மடியில் கோப்புடன் ஒருவர். எதிரே கண்ணாடி போட்ட ஐந்து ஜன்னல்கள். ஐந்து ஜன்னலிலும் ஐந்து எழுத்தர்கள். ஐந்து பேருக்குப் பக்கத்திலும் ஓட்டை போட்ட வெள்ளைக் காகிதக் கட்டு. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் எண் நூற்று அறுபத்திரண்டு. ஓடிக்கொண்டிருந்தது தொண்ணூற்று ஏழு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

ஐவரில் ஒருவர் டாக்டர். எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் சொல்வார்களா? டாக்டரம்மா முழங்காலில் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, நீங்க பெரியவங்க" என்று ஆரம்பித்தார் சம்பந்தியம்மா.

"கோவிச்சுக்கல. என்ன செய்யணும்?"

"விழணும்."

விழுந்தேன். நான் இளமையில் இரண்டு தடவை மாடியிலிருந்தும் ஒரு தடவை விமானத்திலிருந்தும் விழுந்தவன் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமில்லை. ஐந்து ஜன்னலுக்கும் நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி ஒன்றையும் சேர்த்துச் சாய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது திறந்திருந்தது. ஒரு ஜன்னல் காவலாளியைக் கூப்பிட்டது. ஒன்று தண்ணீர் தண்ணீர் என்றது. ஒன்று 'மூடப்பட்டது' பலகையை டக்கென்று வைத்தது. நாலாம் ஜன்னலில் மட்டும் பேச்சே இல்லை. கதவு திறந்தது, காலடி ஓடிவந்தது, என் கழுத்தில் இரண்டு விரல்கள் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். ஐம்பது வயது மனிதர், என்னைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து என் காதோரம் சொன்னார்: "நாடி எழுபத்தாறு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எதுக்கு விழுந்தீங்க?"

அதற்குள் சம்பந்தியம்மா அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கடித நகலை அவர் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். அந்த முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. காற்று வேண்டும், வெளியே கொண்டுபோகிறேன் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மாடிப்படிக்கு நடத்தினார். டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தார். கதவு மூடியது. மூன்று மணி ஐந்து.

நான் எத்தனையோ குற்றவாளிகளை மடக்கியிருக்கிறேன். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். இவர் டாக்டரம்மாவை நேராகப் பார்த்தார்.

"புகாரை உடைக்கத்தான் வந்தீங்களா? உடைச்சா நாலு மணிக்கு உங்க கோப்பு செத்துடும்மா" என்றார்.

அவர் சொன்னது இது. உறுதிக் கடிதம் ஏன் வரவில்லை என்று இவரே தன் செலவில் போன் போட்டு விசாரித்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமை இடம் மாற்றுகிறார்கள். போன் பழைய கட்டடத்தில் அடிக்கிறது, ஆட்கள் புதுக் கட்டடத்தில் பெட்டி பிரிக்கிறார்கள். கடிதம் நிச்சயம் வரும், ஆனால் பத்து நாளாகும். பத்து நாள் அவகாசம் கொடுக்க விதியில் இடமில்லை. ஆனால் வேறொரு விதி இருக்கிறது: விண்ணப்பதாரர்மேல் மோசடிப் புகார் வந்துவிட்டால், விசாரணை முடியும்வரை கோப்பை மூடக் கூடாது, காலக்கெடுவும் அதுவரை நகராது. யோக்கியமானவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. மோசடிக்காரருக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் உண்டு.

"அதனால உங்களை மோசடிக்காரியாக்கினேன்" என்றார். "உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்களும் கூட்டாளி ஆகியிருப்பீங்க."

புகார் நீங்கினால் உறுதிக் கடிதத்துக்கு அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேனே என்றார் டாக்டரம்மா. நாலாம் ஜன்னல் இல்லையென்று தலையை ஆட்டினார். அவரும் வேறொரு நாட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். பதினோரு வருடத்துக்கு முன் அவர் கோப்பு இரண்டு நாள் தாமதத்தில் மூடப்பட்டது. மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்லாமல், தன்னை மூடிய அலுவலகத்திலேயே எழுத்தர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பிறகு சம்பந்தியம்மா மிக மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி. பஸ்ஸில யாருக்கோ போன் போட்டீங்களே. யாருக்கு?"

சொன்னேன். இந்தத் தடவை, நீங்க பெரியவங்க என்று அவர் ஆரம்பிக்கவே இல்லை.

பதிவாளர் ஆதாரத்துக்காகக் காத்திருக்கிறார். போகாமல் இருந்தால் அவரே கடிதத்தை எடுத்துப் பார்ப்பார். அந்த வளைவு அவர் கண்ணில் பட்டால் போதும், புகார் விழும், நாலு மணி அடிக்கும். போனால், இதுவரை தோற்காத சம்பந்தியம்மா தோற்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது டாக்டரம்மாவை. கெட்ட பேர் யாருடையதோ, முடிவும் அவருடையதுதானே.

டாக்டரம்மா அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார், படியில்.

"மூச்சு நிக்கப்போற நோயாளிக்குத் தொண்டையைக் கீறியாவது முதல்ல காத்துதான். தொண்டையில தழும்பு விழுமேன்னு யாரும் யோசிக்க மாட்டோம்" என்றார். எழுந்து சீருடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வாங்க, உள்ள போலாம்."

வாசலில் வெகுநேரம் காக்கவைத்துவிட்டு மூன்று நாற்பத்தேழுக்குத்தான் பதிவாளர் அறைக்குள் விட்டார்கள். ஒல்லியான மனிதர். மேசையில் கோப்பைத் தவிர ஒரு தூசிகூட இல்லை. பின்னால் பெரிய கடிகாரம். கடிதத்தின் அசல் கோப்பின் மேலேயே கட்டாமல் கிடந்தது.

"போன்ல போலின்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"எதை வச்சு சொன்னீங்க?"

"எதையும் வச்சு இல்லீங்க. கேஸ் எடுத்தா மத்தியானத்துக்குள்ள அப்படி ஒரு போன் போட்டுருவேன். போன மாசம் காணாமப்போன பூனையைக்கூட போலின்னு சொல்லிட்டேன்."

அவர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். சம்பந்தியம்மா, எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பதினேழு வழக்கும் அந்தத் தொண்டையில் ஏறி இறங்கின.

பதிவாளர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். உயிரோடு விளையாடும் தொழிலுக்கான கோப்பு இது என்றார், வயதுக்கேற்ற பொறுப்பு வேண்டாமா என்றார், என் பரம்பரையில் இரண்டு தலைமுறையைத் தொட்டார். அவர் திட்டத் திட்ட அவருக்குப் பின்னால் முள் நகர்ந்தது. இவ்வளவு உபயோகமான திட்டை நான் என் மனைவியிடம்கூட வாங்கியதில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு அசலைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.

அவருடைய பெருவிரல் தலைப்பிலிருந்து கீழே இறங்கியது. முதல் வரி. இரண்டாம் வரி. அடித்த வருடம். கையெழுத்து. ஓட்டையிடம் வந்து நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். கண்ணாடிக் கதவு வழியாக நாலாம் ஜன்னல் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாரா, அல்லது கடிகாரத்துக்காகத் தலையைத் திருப்பினாரா என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"நீங்க சொல்லுங்க. இது பொய்யா?" என்று டாக்டரம்மாவையே கேட்டார்.

"நான் அங்க ஒரு வருஷம் பயிற்சியில இருந்தேன் சார். அதை அந்த ஆஸ்பத்திரிதான் உங்களுக்குச் சொல்லணும். அதுவரைக்கும் விசாரணை நடக்கட்டும்."

"அதுவரைக்கும் உங்க பேருக்குப் பக்கத்துல மோசடிப் புகார்னு இருக்கும். உங்களுக்கு வேலை குடுக்கிற ஆஸ்பத்திரியும் பாக்கும்."

"இருக்கட்டும் சார்."

பதிவாளர் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். இரண்டு ஓட்டைகளிலும் கயிற்றைக் கோத்து, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டார். வளைவு கயிற்றுக்கு அடியில் போய்விட்டது. மேலட்டையில் 'விசாரணையில்' என்று முத்திரை குத்தினார். பிறகுதான் கடிகாரம் நாலு காட்டியது.

பதினோராம் நாள் உறுதிக் கடிதம் உறை பிரியாமல் வந்து சேர்ந்தது. புகாரை அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அடுத்த வாரம் டாக்டரம்மாவுக்குப் பதிவு எண் கிடைத்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் சேர்ந்தார். முதல் நாளே இரட்டைக் குழந்தை. நாலாம் ஜன்னல் மொழித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறார். சம்பந்தியம்மா இந்த வழக்கைத் தோல்விக் கணக்கில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மருத்துவக் கவுன்சில் வருடந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் நூலகத்தில் எடுத்துப் பார்க்கலாம். அந்த வருடத்து அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே பதிவு பெற்ற டாக்டர்களின் எண்ணிக்கையைப் போட்டிருக்கிறார்கள்: பூஜ்யம். என் வலது கை இன்னும் பென்ஷன் புத்தகத்தின் மேலேயேதான் இருக்கிறது.